மாமாவைக் கண்மாய்க்குத் தூக்கிப்போன சாயங்காலம்

இயற்கையின் அழகை உற்றுப் பார்த்தால் சாவைப் பற்றிய பயம் போய்விடும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். என் மட்டில் நம்பிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் சேதமில்லை. அதை என் மாமனார் மேல் பரீட்சித்துப் பார்த்தேன். அதனால் ஒரு அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் நான் செய்த காரியத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத யோசிக்கும்போதே பல இடங்களில் சிரிப்பு வருகிறது. சிரிக்க வேண்டும் என்று நான் எதையும் சேர்க்கவில்லை. நடந்ததே அப்படித்தான்.

எழுபதுகள் முடிகிற சமயம். மதுரையில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்காத பையன்கள்தான் தத்துவத்துக்கு வருவார்கள். ஆன்மா அழியுமா அழியாதா என்று அவர்களுக்கு வாரம் முழுக்க விளக்குவேன். அவர்கள் ஜன்னல் வழியாகப் பெண்கள் கல்லூரிப் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டே இருப்பான். ஒருநாள் ஆசையாக எட்டிப் பார்த்தேன். என்னைப் படம் வரைந்திருந்தான். வழுக்கை கொஞ்சம் கூடுதல், மற்றபடி நன்றாக இருந்தது.

அந்த வருடம்தான் என் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் கட்டிலுக்கு எதிரே பச்சைச் சுண்ணாம்பு உரிந்த ஒரு சுவர். அதைப் பார்த்தபடியே அவர் கண் நிலைத்துவிட்டது. நான் பக்கத்தில் இல்லை, கீழே பன் வாங்கப் போயிருந்தேன். ஒரு மனிதன் கடைசியாகப் பார்ப்பது உரிந்த சுவராக இருக்கக் கூடாது என்று அன்றைக்கு என் மனதில் விழுந்தது. நியாயமான எண்ணம்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை நான் வளர்த்த விதத்தில்தான் கோளாறு.

விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டியூர்க் கண்மாய்க் கரைக்குப் போக ஆரம்பித்தேன். யானைமலைக்குப் பக்கத்தில் சூரியன் கிளம்பி வருகிற நேரத்தில் தண்ணீர் முழுக்கச் சிவப்பாகும். அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தால் வாழ்வும் சாவும் ஒன்று என்பது தன்னால் விளங்கும் என்பது என் திட்டம். நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அதே நேரத்தில் வேறொரு அவசர காரியமாகச் சுற்றுவட்டாரமே அந்தக் கரைக்கு வந்து, ஆளுக்கொரு புதரைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். நடுவில் நான் ஒருவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தினமும் பார்க்கிற ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு புதருக்குள்ளிருந்தே ஒருநாள் விசாரித்தார்.

“என்ன சார், தெனமும் வாரீக, நின்னுக்கிட்டே இருக்கீக. திரும்பிப் போயிருறீக. ஏதும் கஷ்டமா?”

“சூரிய உதயம் பாக்குறேன்.”

“அத ஒக்காந்துக்கிட்டே பாக்கலாம்ல?”

நான் சூரியன் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

“கொய்யாப்பழத்த ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க சார். எனக்கும் இப்படித்தேன் இருந்துச்சு.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். “இயற்கையப் பாக்கணும்னா அம்புட்டுத் தூரம் எதுக்குப் போகணும்? கொல்லையில நிக்கிற முருங்கையப் பாருங்க. கம்பளிப்பூச்சி அப்பிக் கெடக்கு. பாத்துட்டு அப்படியே கொளுத்தி விடுங்க” என்றாள். அவளுக்கு ஆன்மிக நாட்டம் குறைவு என்று நான் அப்போது முடிவு கட்டினேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்து, மானாவாரிக் காடாகக் கிடக்கும் அந்த உசிலம்பட்டிச் சீமையில்கூடக் கண்மாய்கள் நிறைந்த வருடம் அது. மார்கழியில் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். எனக்கு மச்சான். கண் வீங்கியிருந்தது. அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றான். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழி நெடுக மனைவி அழுதுகொண்டு வந்தாள். நான் ஜன்னல் வழியாக நாகமலையைப் பார்த்துக்கொண்டு, இந்த முறையாவது நான் பன் வாங்கப் போய்விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மாமாவை உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். எதிரே சுவர். அதில் போன வருடத்துக் காலண்டர். நாள் கணக்கில் சோறு இறங்கவில்லை என்றார்கள். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் மனதில் ஏதோ ஆசை தங்கியிருக்கிறது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. என்ன ஆசை என்று கண்டுபிடித்து, அதை நாக்கில் காட்டிவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார்கள். நாங்கள் போவதற்குள் வீட்டில் இருந்தவர்கள் பலதையும் காட்டி முடித்திருந்தார்கள். காட்டு மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். விழுங்கிவிட்டு, “களை எடுத்தாச்சா?” என்று கேட்டாராம். சாராயத்தில் துணியை நனைத்து உதட்டில் வைத்திருக்கிறார்கள். துணியைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாராம். ஆனாலும் உயிர் அசையவில்லை.

அவர் மனதில் இருந்தது என்ன என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த தங்கையோடு மாமா பல வருடங்களாகப் பேசுவதில்லை. மச்சானின் மகளுக்குக் காது குத்திய விருந்தில் வந்த சண்டை. கிடாய் வெட்டினால் தங்கை புருஷனுக்கு இலையில் நல்லி எலும்பு வைத்தாக வேண்டும். அது மரியாதை. அன்றைக்கு அவர் இலைக்கு எலும்பு வரவில்லை. கறியைக் கிளறிப் பார்த்தார், குழம்பை வழித்துப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். பின்னாலேயே தங்கையும் போய்விட்டாள்.

என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். “உப்புப் பாக்குறேன் உப்புப் பாக்குறேன்னு சட்டிப் பக்கத்துலயே ஒக்காந்து அந்த எலும்ப இவரே உறிஞ்சிப்புட்டாரு மாப்ள. எனக்கு மட்டும்தேன் தெரியும். வெளிய சொன்னா மானக்கேடுன்னு இம்புட்டு வருசமா முழுங்கிக்கிட்டுத் திரியுறாரு.”

அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டால்தான் போவார்கள். சாவுக்குக் கூப்பிட வேண்டியதில்லை, சேதி காதில் விழுந்தால் போதும், எவ்வளவு பகை இருந்தாலும் வந்துவிடுவார்கள். தங்கை புருஷன் செத்தபோது மாமா அப்படித்தான் கோடித்துணி எடுத்துக்கொண்டு போனார், தங்கை மேல் போர்த்தினார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார். படுத்துக் கிடக்கிற மனிதரைப் பார்க்க வருவது சாவும் இல்லை, விசேஷமும் இல்லை. தங்கை வர வேண்டும் என்றால் அண்ணன் ‘வா’ என்று சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது.

“அப்பா கண்ணு வாசப்படியிலயே இருக்கு மாப்ள” என்றான் மச்சான். “சின்ன அத்தைய நெனச்சுத்தேன் கெடக்காரு. எப்படியாச்சும் அவரு வாயால கூப்புட வச்சிட்டா...”

நான் குறுக்கிட்டேன். அவர் வாசலைப் பார்ப்பது வெளிச்சத்துக்காக என்றேன். உயிர் பிரிகிற நேரத்தில் உறவு, பகை என்று சின்ன விஷயங்களில் மனதை இழுக்கக் கூடாது, ஆகாயம், நீர், பறவைகள் இவற்றைப் பார்த்தபடி போவதுதான் பெரிய விடுதலை என்றேன். நீளமாகவே பேசினேன். உபநிடதக் கருத்து ஒன்றைக்கூட எடுத்துவிட்டதாக ஞாபகம். என் அப்பாவையும் அந்தச் சுவரையும் சொன்னபோது என் குரல் உடைந்தது. அதுதான் அவர்களைச் சாய்த்துவிட்டது. மாப்பிள்ளை அழுதுகொண்டே ஒன்று கேட்டால் அந்த வீட்டில் மறுக்கமாட்டார்கள்.

மனைவி மட்டும், “ஏங்க, அவருக்குக் கொக்கப் பாத்து என்ன ஆகப்போகுது? பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்காரு?” என்றாள்.

“பார்த்திருக்கார். கவனிச்சதில்லை” என்றேன்.

சாயங்காலம் மாமாவைக் கட்டிலோடு கண்மாய்க் கரைக்குத் தூக்கிப்போவது என்று முடிவானது. அழகான காரியத்தை அழகாகச் செய்ய வேண்டும் என்று வெள்ளை வேட்டியை மாற்றச் சொன்னேன். பக்கத்துக் கொல்லையில் செவ்வந்தி பூத்திருந்தது, நாலு பூப் பறித்து அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். தூக்கும்போது மாமா மேற்கே சூரியனைப் பார்த்தபடி போக வேண்டும் என்பதால் கால்மாட்டை முன்னால் விட்டுத் தூக்கச் சொன்னேன். மச்சான் கட்டிலைக் கீழே வைத்துவிட்டான்.

“மாப்ள, கால முன்னால விட்டு வெளிய தூக்குனா அது வேற மாப்ள.”

“அதெல்லாம் மூடநம்பிக்கை மச்சான். தலையை முன்னால விட்டா மாமா போற வழி பூரா வீட்டையே பாத்துக்கிட்டு வரணும். அது பற்று. நாம பற்றை அறுக்கணும்.”

“அறுங்க, அறுங்க. ஊருல கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க.”

நான்கு பேர் தூக்கினார்கள். மச்சான், அவன் பங்காளிகள் இரண்டு பேர், ஒரு பக்கம் நான். பின்னால் மாமியாரும் என் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். மாமா வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். டீக்கடையில் ரேடியோவை அணைத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். இந்த ஊர் ஜனங்களுக்கு எவ்வளவு ஆழமான ஆன்மிக உணர்வு என்று நான் நெகிழ்ந்துபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

ரோட்டைக் கடக்கும்போது டவுன் பஸ் வந்தது. டிரைவர் தூரத்திலேயே பார்த்து இன்ஜினை நிறுத்திவிட்டார். கண்டக்டர் படியிலிருந்து இறங்கி, விசிலை வாயிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். உள்ளே இருந்த பெண்கள் ‘உச்’ கொட்டினார்கள். நாங்கள் கடந்ததும் பஸ் போய்விட்டது. அடுத்த நிறுத்தம் மாமாவின் தங்கை ஊர்.

கண்மாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில், ஆலமரத்தடியில் கட்டிலை இறக்கினோம். கரைக் கருப்பசாமிக்குச் சூடம் ஏற்றிவிட்டு மாமியார் ஒதுங்கி உட்கார்ந்தார். மாமா கண்ணைத் திறந்தார். “தண்ணி நெறஞ்சிருக்கு” என்றார். அவ்வளவுதான். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, மேகங்கள் கலைவதைக் காட்டி, உடல் என்பதும் இப்படித்தான் என்று மெல்லிய குரலில் விளக்க ஆரம்பித்தேன். மச்சானின் பங்காளி ஒருவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஆலமரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

சூரியன் மலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் நிற்கும்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஒப்பாரி கேட்டது. திரும்பி வந்த அதே பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பெரிய மாலையோடு, தலைமுடி அவிழ்ந்து கிடக்க, மாமாவின் தங்கை கரை மேல் ஓடிவந்துகொண்டிருந்தார்.

“கூடப் பொறந்த பொறப்பே... கொட்டார வாசலே...” என்று தொடங்கியது நன்றாகத்தான் இருந்தது. நெருங்க நெருங்க விஷயம் மாறியது.

“பந்தியில எலும்பு வைக்க மறந்தியே என் அண்ணே... பாடையில போகையில என்னையும் மறந்தியே என் அண்ணே...”

கட்டிலில் மாமாவின் தலை உயர்ந்தது. நாள் கணக்கில் தூக்காத தலை. தங்கை அதைப் பார்த்தார். ‘என் அண்ணே’ என்று இழுத்த ராகம் பாதியில் நின்றது. நெஞ்சில் அடிக்க ஓங்கிய கை அப்படியே இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த பங்காளி எழுந்து, செத்துவிட்டார் என்று நினைத்துத் தன் பங்குக்கு ஒரு சத்தம் போட்டான். மச்சான் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

தங்கை மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் மதினியைப் பார்த்துக் கேட்டார். “ஆளு உசுரோடதான இருக்கு? பெறகு எதுக்குக் கால முன்னால விட்டுத் தூக்கிப் போறாகன்னு பஸ்ஸுக்காரன் சொன்னான்? எந்தக் கூறுகெட்டவன் பாத்த வேல இது?”

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

தங்கை கிளம்பவில்லை. திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்து நின்றார். சாவுக்கு என்று கூப்பிடாமல் வந்தாயிற்று. இப்போது சாவு இல்லை. இனி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் இருக்கலாம், சொல்லாவிட்டால் போக வேண்டும். அதற்காகத்தான் நிற்கிறார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்துக் கொக்குகள் வந்தன.

அது உண்மையிலேயே பேரழகு. பேரையூர்ப் பக்கமிருந்தும் வடக்கே வயல்களிலிருந்தும் வரிசை வரிசையாக வந்தன. கண்மாய்க்குள் பாதி மூழ்கி நின்ற கருவேல மரங்களில் இறங்க இறங்க, மரங்கள் வெள்ளையாகிக்கொண்டே போயின. தண்ணீரில் சூரியன் கரைந்து ஒரு செம்பட்டுப் பாதை எங்கள் கால் வரைக்கும் வந்து நின்றது. அப்பா செத்த நாளிலிருந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. சாவு என்பது மரத்துக்குத் திரும்புவதுதான், வேறொன்றும் இல்லை என்று தோன்றியது. அது பொய் இல்லை. இப்போதும் அந்த நிமிடத்தை நான் மறுக்கமாட்டேன்.

அப்போது மாமா வாயைத் திறந்தார். கட்டில் சட்டத்திலிருந்து கையைத் தூக்கித் தங்கையின் முதுகை நோக்கி நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். “உஷ்ஷ்... பேசாதீங்க மாமா. ஒரு வார்த்தையும் வேண்டாம். எல்லாம் ஒண்ணாகுது பாருங்க. அந்த மௌனத்தைக் கேளுங்க.”

மச்சான் ஏதோ சொல்ல வந்தான். அவனையும் முறைத்து அடக்கினேன். மாமா என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனிதர். கல்லூரியில் பாடம் சொல்கிற மாப்பிள்ளை என்றால் அவருக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. வாயை மூடிக்கொண்டார்.

மௌனம் என்றேனே, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொக்குகள் அடையும் மரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே மௌனம் என்பதே கிடையாது. முன்னால் வந்தவை இடம் விடாமல் கத்தும், பின்னால் வருபவை இடம் கேட்டுக் கத்தும், ஒன்று இன்னொன்றைக் கொத்தும், கொத்து வாங்கியது நாலு கிளை தாண்டிப் போய்த் திட்டும். அவ்வளவு கத்திவிட்டுத்தான் நகர்ந்து இடம் கொடுக்கும். அந்தச் சாயங்காலமும் அப்படி ஒரு இரைச்சல். அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் நான் மௌனத்தைக் கேட்கச் சொன்னேன். எந்த இடத்தில் எனக்குப் பாடம் நடந்ததோ அதே இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தங்கை காத்திருந்து பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போனது. கொண்டுவந்த மாலையை என்ன செய்வது என்று ஒரு கணம் விழித்துவிட்டுக் கருப்பசாமிக் கல்லுக்குச் சாத்தினார்.

“சரி மதினி, நான் வாரேன். மாடு கறக்கணும்.”

“இருந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போகலாம்ல?” என்றார் மாமியார். செல்லாத அழைப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“வேணாம் மதினி. பஸ்ஸு போயிரும்.”

அன்று இரவு மாமா கஞ்சி கேட்டார். மறுநாள் சோறு. அந்த வாரக் கடைசியில் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். உள்ளறையின் புகையும் புழுக்கமும் இல்லாமல் நல்ல காற்றுப் பட்டதில் நெஞ்சு கொஞ்சம் திறந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘மதுரை மாப்ள வைத்தியம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். தை பிறப்பதற்குள் இரண்டு மூன்று வீடுகளில் கிழடுகளைக் கட்டிலோடு கண்மாய்க்குக் கொண்டுவந்து வைத்தார்கள். கால் முன்னால்தான் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்களாம். ஒரு மூதாட்டிக்குப் பனியில் சளி பிடித்து, இருந்த குரலும் போனது. மருமகள் எனக்கு ஒரு சேவல் கொடுத்தனுப்பினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லூரி ஆண்டு மலரில் ‘மரணமும் கொக்குகளும்’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். தங்கை வந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது. ‘உலகியல் குறுக்கீடுகள் சில இருந்தன.’

மாமா அதற்குப் பிறகு வாய் திறந்து தங்கையைக் கூப்பிடவே இல்லை. ஒருமுறை மனது இளகிவந்தது, திரும்ப எளிதில் வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், நல்ல மழைக்காலத்தில், மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த தங்கை அப்படியே சரிந்து விழுந்து போய்விட்டார். சேதி வந்தது. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மாமா கோடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் மதுரையிலிருந்து நேராக அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மாமா தங்கையின் தலைமாட்டில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. திண்டுக்கல் பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகப் பேசினார்.

“ஏத்தா, அன்னைக்குக் கண்மாய்க் கரையில ஒன்ன வாத்தான்னு கூப்புடத்தேன் வாயத் தொறந்தேன். மாப்ள பேசாதீகன்னாரு. படிச்சவக சொல்லுறாகளேன்னு இருந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்த எலும்பு... அத நான்தேன் தின்னேன். உப்புப் பாக்கப் போயி, ஒருவாட்டி உறிஞ்சுனேன், நல்லா இருந்துச்சு.”

அழுகை நின்றுவிட்டது. ஒரு கிழவி, “அடப் பாவி மனுசா! இம்புட்டு வருசமும் ஒரு எலும்பாலயா?” என்றாள். யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் அழுகிற மாதிரி முகத்தை மூடிக்கொண்டாள். அது பரவி, சாவு வீட்டில் அத்தனை பெண்களும் முந்தானைக்குள் குலுங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. “அவரு படிச்சவரு, அவருக்கு என்ன தெரியும்?” என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எனக்காகப் பரிந்துதான் சொன்னார்கள். எனக்குக் காப்பிகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, பக்கத்துத் தோட்டத்துப் பம்ப்செட்டில் குளித்துவிட்டு, மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மாமாவும் நானும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் குளிர் விடவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்து தலையில் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் மேலே கொக்குகள் ஒரு வரிசையாகப் போயின. பழக்க தோஷம், நான் அண்ணாந்தேன்.

மாமா ஏதோ சொல்ல வந்து, நான் வானத்தைப் பார்ப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவை கடந்து போகும் வரை பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார்.

“பேசலாமா மாப்ள?”

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே அனுமதி கேட்டார்.

அடுக்கி வைத்திருந்த மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டேன். கடைசி வரைக்கும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. அவர் போய்ப் பல வருடங்கள் ஆயின. “பேசுங்க மாமா” என்று மட்டும் சொன்னேன்.

அவர் பேசினார். தங்கை சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய கம்மங்கூழ்ச் சட்டிக்குள் தேரையைப் பிடித்துப் போட்டது, ஆடு மேய்க்கப் போன இடத்தில் அவர் தூங்கும்போது அவர் குடுமியை ஆட்டின் வாலோடு சேர்த்துக் கட்டிவிட்டது, ஆடு எழுந்து ஓடியது. ஒவ்வொன்றுக்கும் அவரே சிரித்தார், சிரிப்பிலேயே கண்ணீர் வழிந்தது. அன்றைக்கு வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று என்னைக் கேட்டால் தெரியாது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு வாங்கி நிறுத்தியபோதெல்லாம், எங்கே முடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

“பெறகு?” என்று கேட்டேன். “ஆடு ஓடுச்சு, பெறகு என்ன ஆச்சு மாமா?”